பக்கத்துக் கிருமி

எண்பத்துநாலாம் வருஷத்துப் புயலில் பெற்றோரைப் பறிகொடுத்த கைக்குழந்தையை, யாரையும் கேட்காமல் பழவேற்காட்டு வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டாள் மார்கரெட். சென்னையில் தயிர்க் கிருமிகளை ஆராய்பவள் அவள்.

“யாரோ பெத்தது. நம்ம குணம் இதுக்கு எப்படி வரும்?” என்று கத்தினான் கணவன் சந்தியாகு.

“தயிர்ல ஒரு கிருமி, பக்கத்துல ஒட்டி நிக்கிற வேற கிருமிக்குத் தன் குணத்தையே எடுத்துக் குடுக்குது. வாங்கிக்கிற கிருமி இன்னா, அது பெத்த புள்ளையா? குழந்தைய நான் விடமாட்டேன்.”

“கிருமிக் கதையெல்லாம் வேணாம். ரத்தம்னா ரத்தந்தான்!”

மாமியார் ஆரோக்கியமேரி எழுந்துவந்து, குழந்தையை வாங்கி மகனின் மடியில் வைத்தாள்.

“கோட்டைக்குப்பம் கரையில அநாதையாக் கெடந்த உன்னை நான் தூக்கியாந்தப்போ, உன் நைனாவும் இதே வார்த்தையச் சொல்லித்தான்டா கத்துனாரு.”