கணக்குப் பிரிவிலிருந்து ஒரு போர்வீரன்

“உயிர் இருக்கா?” கதவருகில் நின்றபடியே கேட்டாள் மனைவி.

“இருக்கு. சும்மா கிடந்தா நல்லாத்தான் மூச்சு விடுது. கொஞ்சம் ஆவேசப்பட்டா பொசுக்குன்னு போயிடுது.”

மேஜை மேல் கிடந்தது ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். ஏதோ அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் காலமெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஏலத்தில் ஓய்வு பெற்றது. அதை வாங்கி, விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகி, பக்கவாட்டில் சிவப்பு விளக்கு மாட்டிவிட்டால் போர்வீரன் தயார். புதிது வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு இப்படிச் செய்து விற்பதுதான் கடைக்காரனின் தொழில்.

இந்த வீரனுக்கு ஒரு கோளாறு. விளையாட்டில் சண்டை சூடு பிடித்ததும் கார்டு கரண்டை இழுக்கும். குமாஸ்தா வேலைக்கென்று செய்த பவர் சப்ளை அதைத் தாங்காது. திரை இருண்டு எல்லாம் அணைந்துவிடும்.

“இன்னிக்கு இது விக்கலேன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான். எங்கண்ணன் பெயின்ட் கடையில உங்களுக்கு ஒரு இடம் வச்சிருக்கார்.”

“தெரியும். போன தடவை போனப்பவே ‘மாப்பிள்ளை, அந்த டப்பாவைக் கொஞ்சம் தூக்குங்க’ன்னார். மரியாதையாத்தான் சொன்னார். டப்பாதான் தூக்க முடியலை.”

அவள் சிரிக்கவில்லை. அவனும்தான்.

சாயங்காலம் வரப்போகிறவன் சாதாரண ஆள் இல்லை, சேனாதிபதி. விளையாட்டு உலகம் சூட்டிய பெயர் என்பார்கள். முன்னால் ஒட்டியிருந்த ‘மாவீரர்’ என்பதைப் பார்த்தால் உலகத்துக்கு அவனும் கொஞ்சம் உதவியிருப்பான் போலிருந்தது. இதுவரை தோற்றதே இல்லையாம். அவன் வாங்கினால் அவன் பின்னால் திரியும் கூட்டமெல்லாம் இங்கேதான் வாங்கும். அவன் முகம் சுளித்தால் பெயின்ட் டப்பா.

வேறு பவர் சப்ளை மாட்டலாமென்றால் பிளக் பொருந்தவில்லை. செய்த கம்பெனிக்காரன் உலகத்தில் யாரிடமும் இல்லாத பிளக்காகப் பார்த்து வைத்திருந்தான். கடையைத் தலைகீழாகப் புரட்டி, அதற்கான இணைப்பு வயர் ஒன்றைக் கண்டெடுத்தான் கடைக்காரன். ஆனால் மாட்டுவதற்கு நல்ல பவர் சப்ளை வேண்டுமே. அது வீட்டில் இருந்தது, மனைவி ஆன்லைனில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் கம்ப்யூட்டருக்குள்.

அவன் வாய் திறந்து கேட்கவில்லை. அவளே போய், அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

“உனக்குச் சாயங்காலம் வகுப்பு இருக்கே.”

“லீவுன்னு சொல்லிட்டேன். என்னை மாதிரி நல்ல டீச்சர் கிடையாதுன்னாங்க.”

மாட்டியபிறகு பெட்டி மூடவில்லை. புது பவர் சப்ளை குடல் சரிந்த மாதிரி வெளியே தொங்கியது. சோதித்துப் பார்ப்பதற்குள் சேனாதிபதி வந்துவிட்டான், கூடவே இரண்டு சிஷ்யர்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து ஆட்டத்தை உலகத்துக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கினான்.

“அண்ணனோட பழைய மெஷின் போயிடுச்சுங்க,” என்றான் இன்னொருவன். “சரியா ஜெயிக்கிற நேரமாப் பார்த்துக் காலை வாரிடும். இல்லேன்னா அண்ணன் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்.”

“இது அப்படியெல்லாம் காலை வாராது,” என்றான் கடைக்காரன். சொல்லிவிட்டு, தொங்கிய வயரை இன்னொரு தரம் அழுத்திவிட்டான்.

ஆட்டம் தொடங்கியது. எதிரே யாரோ முகம் தெரியாத ஒருத்தன். கடைக்காரன் திரையைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையைப் பவர் சப்ளை மேல் வைத்துக்கொண்டு, காதை உள்ளே சுழலும் காத்தாடியில் வைத்திருந்தான். காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி.

காத்தாடி இரைய ஆரம்பித்தது. மத்தியானம் இந்த இடத்தில்தான் அணைந்தது.

“அண்ணே, ரொம்பச் சத்தம் போடுதே,” என்றான் சேனாதிபதி. நெற்றியெல்லாம் வியர்வை. “எதுவும் ஆயிடாதே?”

“ஒண்ணும் ஆகாது தம்பி. நீங்க பாட்டுக்கு அடிங்க.”

இரைச்சல் ஏறியது. விளக்கு ஒருமுறை மினுக்கியது. கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

“இப்பக்கூட ஒண்ணும் ஆகாதா?”

“கட்டடமே இடிஞ்சாலும் இது ஓடும் தம்பி.”

காத்தாடி மெல்ல அடங்கியது. மெஷின் அணையவில்லை. கடைக்காரன் பல்லெல்லாம் தெரிய நிமிர்ந்தான். கதவருகில் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. திரையில் சேனாதிபதி மண்ணில் குப்புறக் கிடந்தான். அவன் முதுகின்மேல் ஏறி நின்று அந்த முகம் தெரியாதவன் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். போன் வைத்திருந்த சிஷ்யன் நேரலையைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான்.

“போய்த் தண்ணி வாங்கிட்டு வாங்கடா,” என்றான் சேனாதிபதி. அவர்கள் போனதும் எழுந்து கதவைச் சாத்தினான்.

போச்சு என்று நினைத்தான் கடைக்காரன். தோற்ற கோபத்தை மெஷின் மேல் காட்டப்போகிறான்.

“தம்பி, மெஷின் மேல குறை இல்லை. மறைக்காம சொல்லிடறேன், மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. சண்டை முத்தினா தானா அணைஞ்சிடும். எங்க வீட்டு மெஷினைப் பிரிச்சு அதைச் சரி பண்ணிட்டேன். இனிமே எவ்வளவு அடி விழுந்தாலும் அணையாது, நம்பி வாங்கலாம்.”

சேனாதிபதி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். குரல் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டான்.

“மத்தியானம் இருந்த மாதிரியே குடுங்கண்ணே.”