மச்சானுக்குக் காவல்

"கையை எடுங்க மச்சான்!"

நவுஷாத் போட்ட சத்தத்தில், திண்டிவனம் தாண்டி இருந்த அந்த டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வடைத் தட்டின் விளிம்பில் வைத்த கையை அப்துல் ஜப்பார் சட்டென்று இழுத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனுஷர், முன்பின் தெரியாதவர்கள் எதிரில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திட்டு வாங்கினார்.

"நான் திங்கறதுக்கு எடுக்கல மாப்ள. தட்டைத் தள்ளி வைக்கலாம்னுதான்..."

"புடிபட்டா எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. நீங்க கார்ல ஏறுங்க."

நவுஷாத், ஜப்பாரின் மனைவி நூர் பீவியின் தம்பி. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போன மச்சானுக்கு இந்த முறை டிரைவர், வைத்தியர், காவல்காரன் எல்லாம் அவன்தான். கிளம்புவதற்கு முன்னால் அக்கா அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ரகசியமாக அந்தப் பொறுப்பை ஒப்படைத்திருந்தாள்.

"டாக்டரம்மா பயமுறுத்தறாங்கடா. உன் மச்சான் எடை கம்மியாகலன்னா கஷ்டமாம். வழியில ஓட்டல் பலகாரம் எதையும் தொட வுடாத. நீ எதிர்ல தின்னா அவருக்கும் ஆசை வரும், அதனால நீயும் வாயைக் கட்டு. ஒழுங்காக் கொண்ணாந்து சேத்தன்னா, சங்கராபுரத்துல தொறக்கிற கடையில உன்னையே உக்கார வைக்கச் சொல்றேன்."

சங்கராபுரம் கடை! கல்லாவுக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பது நவுஷாத்தின் பல வருஷத்து ஏக்கம். இதுவரை ஜப்பார் அவனை நம்பி ஒரு பீரோ சாவியைக்கூடக் கொடுத்ததில்லை. அந்தக் கடைக்காக அவன் மச்சானின் வாயை மட்டுமல்ல, மூக்கையும் சேர்த்துக் கட்டத் தயாராக இருந்தான்.

நூர் பீவி கட்டிக்கொடுத்த பையில் வெள்ளிமலைச் சாமைச் சோறு, அவித்த வேர்க்கடலை, வெள்ளரிக்காய் என்று எல்லாம் இருந்தன. அதை மச்சானுக்கு எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் நவுஷாத் கூடவே ஒரு பிரசங்கமும் கொடுத்தான்.

"எடையைக் குறைக்கறது மனசுல இருக்குது மச்சான். வாயில இல்ல."

"நீ சொன்னா சரி மாப்ள" என்று ஜப்பார் வெள்ளரிக்காயைக் கடித்தார்.

சென்னையில் மொத்த வியாபாரி ஆசையாக அல்வா நீட்டினபோது, ஜப்பார் வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். "எங்க மச்சானுக்கு ஆவாதுங்க. டாக்டர் வேணாம்னுட்டாங்க." வியாபாரி பரிதாபப்பட்டு ஜப்பாரின் தோளைத் தடவிக்கொடுத்தார். ஏதோ தீராத வியாதி என்று நினைத்திருக்க வேண்டும்.

நல்ல வேளையாக நவுஷாத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வண்டி ஓட்டும்போது அவன் வயிறு ஸ்டியரிங்கில் உரசும், அது உண்மைதான். ஆனால் அது கார் செய்தவன் இடம் விடாமல் செய்த கோளாறு என்பது அவன் கருத்து.

திரும்பும் வழியில் உளுந்தூர்பேட்டை வந்ததும் அவனுக்குச் சோதனையும் வந்தது. ரோட்டோரக் கடையில் பரோட்டாவை அடுக்கி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சால்னா வாசனை மூடின கண்ணாடியையும் மீறி உள்ளே வந்தது. நவுஷாத் காரைக் கொஞ்சம் தள்ளி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான்.

"டயர்ல காத்து கம்மியா இருக்குது மச்சான். அடிச்சிக்கினு வந்துடறேன். நீங்க எறங்காதீங்க, இந்த வாசனை உங்க உடம்புக்கு ஆவாது."

காவல் காக்கிறவனுக்குத் தெம்பு வேண்டாமா என்று போகிற வழியில் மனசாட்சியைக் கேட்டான். கட்டாயம் வேண்டும் என்று அது உடனே சொல்லிவிட்டது. சால்னாவில் ஊறின பரோட்டாவை நின்றபடியே உள்ளே தள்ளினான். மனசாட்சி மறுபடியும் தலையாட்டியதால் இன்னொரு செட்டும், மேலே ஒரு ஆம்லெட்டும் ஆயின. வாயை நன்றாகக் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றை மென்றுகொண்டே திரும்பி வந்தான்.

"காத்து அடிச்சிட்டியா மாப்ள?"

"அடிச்சிட்டேன் மச்சான்."

"நாலு டயருக்குமா?"

"நாலுக்கும்தான்."

நாலு டயரும் ஜப்பாரோடு புளியமரத்தடியிலேயே நின்றிருந்தன என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஜப்பார் ஒரு வெள்ளரிக்காயை நீட்டினார். "எனக்கு வேணாம், நீங்க சாப்புடுங்க" என்று நவுஷாத் பெருந்தன்மையாக மறுத்தான். சங்கராபுரம் கடைப் பலகையில் தன் பேரையும் போடச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே மீதி தூரத்தை ஓட்டினான்.

கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது நூர் பீவி வாசலில் காத்திருந்தாள். நவுஷாத் முதல் ஆளாகக் குதித்து இறங்கினான்.

"அக்கா, மச்சான் ஒரு துண்டு வடைகூடத் தொடல. நான் வுட்டாதானே!"

நூர் பீவி அவனைத் தாண்டிப் போனாள். காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த புருஷனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எவ்வளவு தாழ்த்தியும் அது நவுஷாத்தின் காதில் விழுந்துவிட்டது.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க. உங்களைத்தானே காவலுக்கு அனுப்புனேன், எந் தம்பி வழியில எதுனா தின்னானா?"