பின்சக்கரம் யாருக்கு?

முதலில் வேனின் முன்சக்கரங்களை டிஸ்க் பிரேக்குக்குக் கொடுத்தார்கள். அடுத்து, மழையில் பிடிக்கவில்லை என்று டிரம் பிரேக்கைத் திட்டினார்கள். இன்று பின்சக்கரத்திலிருந்தும் டிரம்மைக் கழற்றித் தரையில் போட்டு, அங்கேயும் டிஸ்க்கை மாட்டினார்கள்.

"சட்டைகூடப் போடாத பயல் வண்டியை நிறுத்துவானா?" என்று கத்தியது டிரம்.

"காத்தாட இருக்கேன், சூடேறாது. நீ பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பு, பெரிசு," என்றது டிஸ்க்.

"நிறுத்திக் காட்டுறவனுக்கே சக்கரம்! டயர் தோழர்களே, நீங்கதான் சாட்சி!" என்று சவால் விட்டது டிரம்.

ஹேண்ட் பிரேக் கேபிளை மாட்டாமலே மெக்கானிக் டீ குடிக்கப் போயிருந்தார். வேன் சரிவில் உருண்டது.

"மிதிக்க ஆளில்லையே!" என்று டிஸ்க் அலறியது. டிரம் கிடந்த இடத்திலிருந்தே முழக்கம் போட்டது. பின் டயர் எதிலோ முட்டி, வேன் நின்றது.

ஹாரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, டயர்கள் முன்னிலையில் வென்றவர் பெயரை வாசித்தது: "தோழர் அரைச்செங்கல்!"