நீ முதல்ல கரை

வற்றிக்கொண்டிருந்த குட்டையில் இரண்டு பச்சைப்பாசிகள் தோழிகளாக இருந்தன. ஒற்றைச் செல்தான் உடம்பு. அதைச் சுற்றிப் புரதமும் சர்க்கரையும் பின்னிய சுவர்.

"சுவரைக் கரைச்சிட்டு ரெண்டு பேரும் ஒண்ணாயிடலாம்டி. அப்புறம் கெட்டியா ஒரு ஓடு கட்டிக்கிட்டா கோடையைத் தாண்டிடலாம்" என்றது சின்னது.

"நீ முதல்ல கரை. நான் பார்த்துட்டு வர்றேன்" என்றது பெரியது.

சின்னது கரைத்துவிட்டு, வெற்றுடம்போடு காத்திருந்தது.

"இன்னும் தண்ணி கிடக்கே, என்ன அவசரம்?" என்றது பெரியது.

தண்ணீர் சேறானபோதுதான் அதற்குப் பயம் வந்தது. அவசரமாகத் தன் சுவரைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அதற்குள் சின்னது வேறொரு பாசியோடு சேர்ந்து ஓடு கட்டி முடித்திருந்தது.

"நான் வந்துட்டேன்டி!" என்று ஓட்டைத் தட்டியது பெரியது.

உள்ளிருந்து குரல் மெல்லக் கேட்டது.

"உனக்காக எவ்வளவு நேரம் நின்னேன். இந்த ஓடு இனி மழைக்குத்தான் திறக்கும்."