கணக்கில் வராத போன்

பதினோராவது நாளும் அந்த வரி இருந்தது.

காலை 9.02. ஒரு போன் பக்கத்தைக் கேட்டிருக்கிறது. ஸ்கிரிப்டை வாங்கவில்லை.

9.03, மறுபடி. 9.07, மறுபடி. பிறகு இல்லை.

சர்வரின் பதிவேட்டை அவள் வரிவரியாகப் பார்த்தாள். ஒரே போன். பழைய மாடல்.

டயாலிசிஸ் மையத்தின் இணையதளம் அது; அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முறை வாங்குவது, மாற்றுவது எல்லாம் அதில்தான். பக்கத்தில் கட்டங்களை வரைவது ஸ்கிரிப்ட். அது ஓடாத போனில் வெள்ளைத் திரை மட்டும் தெரியும்.

யாரோ ஒருவர் பதினோரு நாளாக வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மையத்தில் எட்டு மெஷின். காத்திருப்போர் பட்டியலில் இருபத்து மூன்று பேர். இந்த ஆளால் பட்டியலுக்குள்ளேயே வர முடியவில்லை.

மேலாளர் தணிகைவேலிடம் போய்ச் சொன்னாள்.

"ஸ்கிரிப்ட் இல்லாம யாரும் வர்றதில்லம்மா. ரிப்போர்ட்டைப் பாருங்க, பூஜ்யம்."

"அந்த ரிப்போர்ட்டுக்கு ஆள எண்ணிக் குடுக்கிறதே ஸ்கிரிப்ட்தான் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, உங்க ஒத்த ஆளுக்கு ஒரு வழி போடுங்க. ரிப்பன் வெட்ட நான் வர்றேன்."

சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டாள். நிறம் இல்லை, படம் இல்லை. பெயர், போன் நம்பர், நோயாளி எண். புது முறை, மாற்றம், ரத்து என்று மூன்று. ஒன்றைத் தொட்டால் போதும். கீழே, சொல்ல வேண்டியதை எழுத ஒரு கட்டம். எந்த போனிலும் திறக்கும்.

புது முறை என்பதை முதலில் வைத்தாள்.

மறுநாள், வியாழன், 9.02. அதே போன். பக்கம் போய்ச் சேர்ந்தது.

9.11. படிவம் வந்தது.

ரத்து.

கட்டத்தில் எழுதியிருந்தது:

"அப்பா போன சனிக்கு முந்தின சனியன்று தவறிவிட்டார். போன் செய்தேன். இணையத்தில்தான் ரத்து செய்ய வேண்டும் என்றார்கள். அவர் இடம் சும்மா கிடக்க வேண்டாம். யாருக்காவது கொடுங்கள். இப்படிக்கு, மகன் அருமைநாதன்."

அவள் அட்டவணையைத் திறந்தாள்.

செவ்வாய், வெள்ளி. காலை ஆறு மணி. நான்காம் மெஷின்.

ரத்து செய்யாதவரை, ஆள் வராவிட்டாலும் ஒரு மாதம்வரை இடத்தை வேறு யாருக்கும் தருவதில்லை. மையத்தின் விதி.

செவ்வாய், வெள்ளி, செவ்வாய். மூன்று முறை அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை.

காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயர் ரமீலா பேகம். அந்த நம்பருக்கு இவள் போன் செய்தாள். எடுத்தவர் கணவர்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவங்கள கூட்டிட்டு வந்துருவீங்களா? இனிமே வாரம் ரெண்டு நாள்."

அவர் வீட்டுக்குள் யாரிடமோ உரக்கச் சொன்னது கேட்டது. எதையோ நகர்த்தும் சத்தம். பிறகு போனுக்குத் திரும்பினார்.

"இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்னு நாங்க நினைக்கவே இல்லீங்கம்மா."

அவள் நேரத்தை இன்னொரு முறை சொன்னாள்.