சிவப்புப் பூட்டு

தாதுக்கல்லை மாவாக அரைக்கும் இரும்பு உருளை நின்றுபோயிருக்கிறது. உள்ளே எஃகுக் குண்டுகள் புரளும் இரைச்சல் இல்லாமல் இந்தக் கூடத்தை அவள் பார்த்ததேயில்லை. ஜன்னல் வெயிலில் சாம்பல் தூசி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தேய்ந்த தகடுகளை மாற்ற உள்ளே போன கணவனை வெளியே எடுத்து, துணியால் மூடிக் கிடத்தியிருக்கிறார்கள். உள்ளே போகிறவர் தன் சிவப்புப் பூட்டை ஸ்விட்சில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது தொங்கும்வரை உருளையை யாராலும் ஓட்ட முடியாது. இன்று ஸ்விட்ச் வெறுமையாக இருக்கிறது.

"பூட்டு இல்லம்மா. எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னு நெனச்சுதான் போட்டேன்," என்கிறார் ஆபரேட்டர். ஸ்விட்சை அழுத்திய விரலை மற்றொரு கையால் பிடித்தபடியே நிற்கிறார். "எங்களையே விரட்டுவானே! 'பூட்ட மாட்டுங்கடா, உங்க பொண்டாட்டிங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது'ன்னு."

அவன் பையைக் கொட்டித் தேடுகிறார்கள். டிபன் பாக்ஸ் உருண்டு அவள் காலருகே நிற்கிறது. ஓடி வந்த அவசரத்திலும் விடாமல் பிடித்திருந்த வீட்டுச் சாவி உள்ளங்கையில் பதிந்திருக்கிறது. பழைய பூட்டு துருப்பிடித்து உடைந்ததும், "புதுசு வாங்குற வரைக்கும் இது கெடக்கட்டும், யானை இழுத்தாலும் வராது," என்று நேற்று அவன்தான் கொண்டுவந்து மாட்டினான்.

"தேடாதீங்கண்ணே," என்று அவள் கையை விரிக்கிறாள். "எங்க வீட்டுக் கதவுல தொங்குது."