இரண்டு நிமிடம் அசையாமல்

தண்ணீர் குறைந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

காலையில் அருவி பாறை முழுக்க மூடிக்கொண்டு விழுந்தது. படத்தில் வெறும் வெள்ளைச் சுவர். இப்போது நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இடையே கறுப்புப் பாறை தெரிந்தது. அடியில், ஓடையின் நடுவே, காலையில் கண்ணில் படாத ஒரு திட்டு மேலே வந்திருந்தது.

வானம் மூடிக் கிடந்தது. மூன்றரை மணி தாண்டியும் பொட்டு வெயில் இல்லை. இப்படி ஒரு வெளிச்சத்துக்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள்.

லென்ஸின் முன்னால் கறுப்பு ஃபில்டரை மாட்டினாள். இரண்டு நிமிடம் கேமரா கண்ணைத் திறந்து வைத்திருக்கும். ஓடுகிற தண்ணீர் புகையாகிவிடும். அசையாதது மட்டும் அப்படியே பதியும்.

அந்தத் திட்டில் ஓர் ஆள் நின்றால் அருவியின் உயரம் தெரியும்.

வீரணனைக் கேட்டாள்.

வீரணன் காட்டு இலாகாவின் காவலர். ஐம்பது வயதுக்கு மேல். அருவிக்கு மேலே இருக்கும் குடியிருப்பில் வீடு. மேடம் கூடவே இரு, சொல்றதைக் கேளு என்று ரேஞ்சர் அனுப்பியிருந்தார். மறுத்துப் பேசிப் பழகாத மனிதர். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து போய்த் திட்டில் ஏறி, அவளைப் பார்த்து நின்றார்.

"அசையாதீங்கண்ணா."

இரண்டு நிமிடம்.

படம் திரையில் வந்தது. அருவி புகையாக இறங்கியது. வீரணனின் உடம்பு தெளிவாக இருந்தது. முகம் மட்டும் இரண்டாக இருந்தது. ஒன்று அவளைப் பார்த்தது. இன்னொன்று திரும்பி மலை உச்சியைப் பார்த்தது.

அவளுக்கு எரிச்சல் வந்தது.

"மேல இருட்டிக்கிட்டுக் கொட்டுது மேடம்," என்றார் திட்டில் நின்றபடியே. "தண்ணி ஏறணும். இது எங்க போச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சியே தெரியவில்லை. கருநீல மேகம் அருவியின் தலையில் உட்கார்ந்திருந்தது.

படத்துக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"ஒன்னே ஒன்னுண்ணா. இது முடிஞ்சதும் கெளம்பிறலாங்க."

அவர் இன்னொரு முறை உச்சியைப் பார்த்தார். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

பொத்தானை அழுத்தினாள்.

பத்து நொடி. இருபது.

நூல்களில் ஒன்று அறுந்தது. பிறகு இன்னொன்று. பாறையில் ஈரம் மட்டும் மினுங்கியது.

அறுபதாவது நொடியில் தன் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து தன் குரலே தன் காதில் விழாத இடம் அது.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம்.

இன்னும் ஒரு நிமிடம்தானே என்றிருந்தது.

வீரணன் அசையவே இல்லை.

ஷட்டர் மூடிக்கொண்டது. "போதும்ணா, வாங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் திட்டிலிருந்து குதித்திருந்தார்.

"மணி என்ன மேடம்?"

"மூணே முக்கா."

"மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு தண்ணிய மறிச்சிருக்கு. ரொம்ப நேரம் தாங்காது." மூச்சு வாங்கியது அவருக்கு. "நாலு மணிக்குத் தோட்டத்துல வேலை முடிஞ்சு எங்க பொம்பளைங்க கீழ ஓடையக் கடப்பாங்க. எம் பொண்டாட்டியும் வருவா."

அவள் போனை எடுத்தாள். ஒரு கோடுகூடக் காட்டவில்லை.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குவது. கீழே போய்ச் சேர இருபது நிமிடம். அவர் முதலில் அதைத்தான் பார்த்தார். ஓரடிகூட எடுத்து வைத்தார். பிறகு ஓடையைப் பார்த்தார். தண்ணீர் இல்லாத ஓடை நேராகக் கீழே இறங்கியது. ஐந்து நிமிடம்.

"நீங்க மேட்டுல ஏறிக்கங்க."

பாறைக்குப் பாறை தாவி, வளைவில் மறைந்தார்.

அவள் கேமராவை அதன் முக்காலியோடு தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். திரையில் இரண்டாவது படம் வந்திருந்தது. பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள்.

ஒரே முகம். துல்லியமாக விழுந்திருந்தது. அவ்வளவு பயந்த முகத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை. அவர் திட்டில் நின்றபோது அது அவள் கண்ணில் படவில்லை.

பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

ஏழெட்டுப் பெண்கள். தூறலுக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நின்றாள்.

"மழை எறங்குதுன்னு மேஸ்திரி மூணு மணிக்கே விட்டுட்டாரு. நீங்கதான போட்டா எடுக்க வந்தவுக? எங்க வீட்டுக்காரரு உங்ககூடத்தான வந்தாரு? எங்கம்மா அவரு?"

அவள் ஓடையின் வளைவை நோக்கிக் கையை நீட்டினாள்.

வீரணனின் மனைவி மேட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஓடையில் வெறும் கற்கள்தான் தெரிந்தன.

"இதுக்குள்ளயா?"

தலையிலிருந்த சாக்கை உதறி எறிந்தாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"யோவ்! நாங்க வந்துட்டோம்யா! இங்கதான் இருக்கோம்!"

குரல் தடையில்லாமல் பள்ளத்தில் இறங்கியது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

வெகு கீழேயிருந்து பதில் வந்தது. மெல்லிய குரல். பாரம் இறங்கிய குரல்.

"இந்தா வர்றேன்!"

அவர்கள் நின்றிருந்த பாறை மெல்ல அதிரத் தொடங்கியது.